பந்திப் படத்தில் இல்லாதவர்கள்

செந்துறைப் பக்கம் நான் பார்த்த பழைய ஆல்பங்களில் கல்யாணப் பந்தி உண்டு. பொங்கல் சாப்பாடு இல்லை. சாப்பிடுறதைப் படம் எடுத்தா 'கண்ணு பட்டுரும்' என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம்.

அக்ஃபா கிளிக் 3 கேமராவில் 120 பிலிம் போட்டால் 12 படம்தான். அது வெயிலில் எடுக்கிற கேமரா. ஓட்டு வீட்டுக் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தால் இருட்டுதான் விழும். ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவை எரிஞ்சா போச்சு. கல்யாணத்துக்கு போட்டோக்காரர் ஃப்ளாஷோடு வருவார். பண்டிகைக்கு யார் வருவார்? அதனால் புதுத்துணியோடு வாசலிலோ ஸ்டுடியோவிலோ வரிசையாக நின்றார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலக உதவியோடு, 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை மின்னாக்கம் செய்திருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அப்படியொரு சேகரம் அமைவது கஷ்டம்.

இப்போ செல்போனில் இருட்டுக் கூடமும் தெளிவாக விழுகிறது. ஆனாலும் இலை முன்னால் ஆம்பளைகளும் பிள்ளைகளும். ஓரத்தில் அம்மாவின் கையும் கரண்டியும் மட்டும். இதற்குக் கேமரா காரணமில்லை. முதல் பந்தியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதுதான் காரணம்.

வர்ற பொங்கலுக்கு அம்மாவும் சேர்ந்து உட்காரட்டும். அதைப் படம் எடுங்க. பிரிண்ட் போட்டு, பின்னால் பேரும் தேதியும் எழுதி வைங்க. நம்ம ஊர் வரலாற்றுக்கு அது சான்று.