பாண்டியர் லாயத்தில் செத்துப்போன குதிரைகள்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லையைத் தாண்டும்போது அய்யனார் கோவில் குதிரையைப் பார்க்காமல் போக முடியாது. சில இடத்தில் சுட்ட மண், சில இடத்தில் சிமெண்ட். பல்லைக் காட்டிக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, ஆளை விட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும். அய்யனார் ராத்திரி ஊரைச் சுற்றி வர அதுதான் வாகனம் என்பார்கள்.

இந்த மண் குதிரைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தீனி கேட்காது, நோயில் விழாது. உயிருள்ள குதிரை விஷயத்தில் தமிழ்நாட்டு ராஜாக்களுக்கு இந்த இரண்டுமே பெரிய தலைவலியாக இருந்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட பாண்டியர்கள் தங்கத்தைக் கொட்டிக் குதிரை வாங்கினார்கள். வாங்கிய குதிரைகள் வருஷம் முடிவதற்குள் செத்துப்போயின. மறுபடி வாங்கினார்கள். அவையும் செத்தன. ஏன்?

முதலில் ஒரு சின்ன முன்கதை. நல்ல போர்க்குதிரை தமிழ்நாட்டுச் சரக்கே கிடையாது. இங்கே இருந்ததெல்லாம் பெரும்பாலும் மட்டக்குதிரைகள்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து, அதாவது கேரளப் பக்கமிருந்து வந்த 'குதிரைச் செட்டி'கள் வருகிறார்கள். ஆனால் இந்த வியாபாரம் உச்சிக்குப் போனது பாண்டியர் காலத்தில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268ல் பட்டத்துக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகம் அப்போது உலகப் புகழ் பெற்றது. ஹோர்முஸ், கிஷ், ஏடன், தோஃபார் என்று தூரத்துக் கடலோர ஊர்களிலிருந்தெல்லாம் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்தன.

இதை எழுதி வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த வெனிஸ்காரர் மார்க்கோ போலோ. 1290களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்து போனவர். இன்னொருவர் ஷிராஸ் நகரத்து வஸ்ஸாஃப். இவர் பாரசீக வரலாற்று ஆசிரியர், இந்தியாவுக்கு வந்ததே இல்லை, வியாபாரிகள் சொல்லக் கேட்டு எழுதியவர். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) தமிழ்நாட்டின் கிழக்குக் கரையை இவர்கள் 'மாபார்' என்று சொல்கிறார்கள்.

மார்க்கோ போலோ கணக்குப்படி இங்கே ஆண்ட ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்க நினைக்கிறார். அவருடைய நான்கு சகோதரர்களும் அப்படியே. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு கூடத் தேறுவதில்லை. ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கும் மேல். வஸ்ஸாஃப் சொல்லும் விலை ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். ஒரு தினாரை 4 கிராம் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு குதிரைக்கு 880 கிராம் தங்கம்! இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு நூறு பவுன் போட்டால் ஊரே வாயைப் பிளக்கிறது. இது நூற்றுப் பத்து பவுன், ஒரே ஒரு குதிரைக்கு.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரையை எப்படி வளர்த்தார்கள்?

அடித்தோ பட்டினி போட்டோ கொல்லவில்லை. விருந்து வைத்தே கொன்றிருக்கிறார்கள். வேகவைத்த அரிசிச் சோறும் வேகவைத்த இறைச்சியும் இன்னும் பலவிதமான சமைத்த பண்டங்களும் குதிரைக்குப் போட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் விவரமாக இருக்கிறது. வறுத்த தானியத்தை வெண்ணெய் சேர்த்துக் கொடுத்தார்கள், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைத்தார்கள். நாற்பது நாள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடி கூட இல்லாமல் வீரர்கள் ஏறிக்கொண்டு பேய் மாதிரி ஓட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போனது.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கவனிப்பது போல் கவனித்திருக்கிறார்கள். ஆனால் குதிரையின் வயிறு மாப்பிள்ளை வயிறு இல்லை. மாட்டு வயிறும் இல்லை, அதுதான் இங்கே முக்கியம்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. பெரிய மாட்டின் முதல் அறையே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசை போட்டுக்கொள்ளலாம். குதிரைக்கு ஒரே ஒரு சின்ன வயிறு, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காக அமைந்த உடம்பு அது. புல்லைச் செரிக்கும் வேலை பின்பக்கம், பெருங்குடல் பகுதியில் இருக்கும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. ஒரே நேரத்தில் நிறைய மாவுச்சத்தை உள்ளே தள்ளினால் சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பின்குடலுக்குப் போய் வேகமாகப் புளிக்கிறது. அமிலம் ஏறுகிறது, வாயு கட்டுகிறது, கடுமையான வயிற்றுவலி வருகிறது. மனுஷனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுத்துத் தப்பித்துவிடலாம். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் குதிரை வளர்ப்பவர்கள் மிகவும் பயப்படுகிற விஷயங்களில் இந்த வயிற்றுவலி ஒன்று.

வயிற்றோடு முடிந்தாலும் பரவாயில்லை. அதே தானியக் கோளாறு காலுக்கும் இறங்கும். குளம்புக்குள் இருக்கும் மெல்லிய சதை வீங்கி, எலும்பைக் குளம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் பிடிப்பு விட்டுப்போகும். குதிரை நிற்க முடியாமல் தவிக்கும். போர்க்குதிரைக்கு இது வந்தால் கதை முடிந்தது.

அந்த நாற்பது நாள் விஷயத்துக்கும் இன்றைய கால்நடை மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, ஆனால் தீனி மட்டும் முழு அளவு. மறுநாள் வண்டியில் பூட்டியதும் சில குதிரைகள் வியர்த்து, தொடைச்சதை கட்டையாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய் அப்படியே நின்றுவிடும். அதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பேர் வைத்தார்கள். ஒருநாள் ஓய்வுக்கே அந்தக் கதி என்றால், நாற்பது நாள் கட்டிப்போட்டு நெய்யும் பாலும் ஊற்றிவிட்டுத் திடீரென்று பேய் ஓட்டம் ஓட்டினால் என்ன ஆகும்?

சரி, இங்கேயே குட்டி போட வைத்து வளர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் மார்க்கோ போலோ பதில் சொல்கிறார். நல்ல பெரிய குதிரையையும் நல்ல பெரிய பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, சவாரிக்கு உதவாததாக இருக்கிறதாம். இதற்கும் தீனி காரணமாக இருந்திருக்கலாம். அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குதிரைக்கு எலும்பு பலவீனமாகும்.

ஆனால் எல்லாப் பழியையும் லாயக்காரன் தலையில் போடுவது நியாயமில்லை. நம் ஊர்ச் சூழலும் அரபிக் குதிரைக்கு எதிரி. அது வறண்ட பாலைவனத்தில் வளர்ந்தது. இங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து கொல்லும். ஈரமான வெப்பநாட்டுக்கு வந்த குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்வை சுரப்பதே நின்றுவிடுவதுண்டு. பிறகு இரத்தம் குடிக்கும் ஈக்கள் பரப்பும் 'சுர்ரா' நோய். அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை கிரிஃபித் எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் 1880ல் பஞ்சாபில்தான் கண்டுபிடித்தார். அதற்கு 600 வருஷம் முன்னால் யாருக்கு என்ன தெரியும்? இன்னொன்று இன்னும் விசித்திரம். மாட்டு வயிற்றில் பெரிய தொந்தரவு தராமல் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுபோனால் அவை வழி தவறி முதுகுத்தண்டுக்குள் போய்விடும். குதிரைக்குப் பின்னங்கால் தள்ளாடும், இடுப்பு விழும். வட இந்தியாவில் இதற்குக் 'கும்ரி' என்று பேர். வயல், தண்ணீர், கொசு, பக்கத்துத் தொழுவத்தில் மாடு... தமிழ்நாட்டு ஊர் ஒன்றை வர்ணித்த மாதிரியே இருக்கிறது.

நெய்யும் சமைத்த தீனியும் பாண்டியருக்கு மட்டும் வந்த பைத்தியமும் அல்ல. அக்பரின் லாயத்திலேயே குதிரைக்கு நெய்யும் சர்க்கரையும் அளந்து கொடுத்த கணக்கு அயினி அக்பரியில் இருக்கிறது. குதிரை வைத்தியம் பற்றி சாலிஹோத்திரர் பேரிலும் நகுலன் பேரிலும் சமஸ்கிருத நூல்களே உண்டு. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் படம் போட்ட அசுவ சாஸ்திரச் சுவடி இருக்கிறது. ஆகவே இந்த நாட்டில் குதிரை பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று மார்க்கோ போலோ சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அவருக்கும் வஸ்ஸாஃபுக்கும் செய்தி சொன்னது யார்? குதிரை விற்ற வியாபாரிகள். தான் விற்ற பொருள் கெட்டுப்போனால் 'வாங்கியவருக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று சொல்லாத கடைக்காரர் உண்டா?

இந்த இடத்தில்தான் கதை வைத்தியத்தை விட்டுக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைகிறது. குதிரைக்கு லாடம் அடித்து வைத்தியமும் பார்க்கிற ஆட்கள் அரபு நாடுகளில் நிறைய இருந்தார்கள். குதிரை வியாபாரிகள் அவர்களைத் தங்களோடு அழைத்து வரவில்லை. அதோடு விடவில்லை, வேறு யாரும் அந்த ஆட்களை இங்கே அனுப்பிவிடாமலும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்? இதையும் மார்க்கோ போலோதான் சொல்கிறார்.

வஸ்ஸாஃப் இதைவிடப் பெரிய விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கிஷ் தீவின் அதிபரான ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகள் 1,400ஐ வருஷா வருஷம் மாபாருக்கு அனுப்புவதாக ஒப்பந்தம். வழியில் கடலில் குதிரை செத்தாலும் விலை கொடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது கப்பல் ஏறியதுமே நஷ்டம் வாங்குபவர் தலையில். பாண்டியர் சார்பில் இதையெல்லாம் பார்த்துக்கொண்ட அமைச்சர் தகியுத்தீன் யார் தெரியுமா? அதே ஜமாலுத்தீனின் தம்பி! காயல் உள்பட மூன்று துறைமுகங்கள் அவர் கையில் இருந்தன. அண்ணன் விற்கிறார், தம்பி வாங்குகிறார், பணம் மட்டும் பாண்டியருடையது. 1,400 குதிரை, தலைக்கு 220 தினார் என்றால் 3,08,000 தினார். ஏறக்குறைய 1,232 கிலோ தங்கம், அதுவும் ஒரே ஒரு சப்ளையருக்கு. இந்தக் காலத்து ஆடிட்டர் யாராவது அந்தப் பேரேட்டைப் பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

ஆனாலும் அரசுக் கருவூலத்துக்குப் பெரிய பாரம் தெரியவில்லை. கோவில் சொத்துகளின் உபரி வருமானத்திலிருந்தும், கோவிலைச் சேர்ந்த பெண்கள் மீதான வரியிலிருந்தும் இந்தப் பணம் போனதாக வஸ்ஸாஃப் எழுதுகிறார். கையில் இருந்து போகாத காசுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. நாற்பது நாள் தீனியை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைப் படித்ததும் மாணிக்கவாசகர் கதை ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோவிலுக்குச் செலவழித்துவிடுகிறார். சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி, தானே வியாபாரியாக ஓட்டி வந்து ஒப்படைக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிடுகின்றன. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றும் நடக்கிறது. திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோவிலில் குதிரைச் சிற்பங்களை அவ்வளவு விவரமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்திக் கதையைப் பக்தியாகவே பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கோவில் பணம், குதிரைப் பணம், துறைமுகத்திலிருந்து வரும் வியாபாரி, காலையில் விடிந்து பார்த்தால் லாயத்தில் குதிரை இல்லை... இந்த நான்கும் ஒரே கதையில் சேர்ந்திருப்பது பாண்டிய நாட்டு ஜனங்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

1311ல் மாலிக் காஃபூர் மதுரை வரை வந்தார். அமீர் குஸ்ரு சொல்லும் கணக்குப்படி டெல்லிக்குக் கொண்டுபோன கொள்ளையில் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் இருந்தன. இவ்வளவு தங்கம் கொடுத்து வாங்கிய குதிரைப்படை தலைநகரைக் காப்பாற்றவில்லை. (அண்ணன் தம்பிச் சண்டையில் ராஜ்ஜியமே இரண்டாகிக் கிடந்ததும் காரணம்.)

பின்னால் வந்த விஜயநகரமும் பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. சாளுவ நரசிம்மர் கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தாராம். வாலை மட்டும் அறுத்துக்கொண்டு வந்து காட்டினால் போதும், உயிரோடு இருந்த குதிரைக்கு என்ன விலையோ அதே விலை என்கிறார் நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர்.

பிறகு இங்கிலீஷ்காரர்கள் காலத்தில் நிலைமை மெதுவாக மாறியது. 1824ல் ஓசூர் மத்திகிரியில் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை போட்டார்கள். மலைப்பாங்கான, குளிர்ந்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் குதிரைகள் வந்தன. 1903ல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமானது. தீனியைப் பொறுத்தவரை அவர்கள் நம் ஊர் வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். புல்லோடு, ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொள்ளு. அந்தத் தானியத்துக்கு இங்கிலீஷில் 'ஹார்ஸ் கிராம்' என்றே பேர். அரிசியை விட மாவுச்சத்து குறைவு, புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். திண்டுக்கல் மாதிரி மானாவாரிச் சீமையில் மழை பொய்த்தாலும் ஏதோ விளைந்துவிடும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்லும் ஊரில், அரண்மனைக் குதிரைக்கு மட்டும் பாலும் வெண்ணெயும் போனதுதான் வேடிக்கை.

இன்றைக்குத் திண்டுக்கல் பக்கம் உழைக்கிற குதிரையைப் பார்க்க வேண்டுமானால் சிறுமலைக்குப் போக வேண்டும். வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு இறங்கி வருகின்றன. அரபிக் குதிரை இல்லை, இடுப்பளவை விடக் கொஞ்சம் உயரமான மட்டக்குதிரைகள். மேட்டிலும் பள்ளத்திலும் சுமை தூக்கி, இறக்கிவிட்டதும் ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டு நிற்கும். நாற்பது நாள் கட்டிப்போட்டுப் பால் காய்ச்சி ஊற்ற அந்த விவசாயிகளுக்கு வசதியும் கிடையாது, நேரமும் கிடையாது.