கப்பலேறிய மல்லாட்டையும் வீட்டில் தங்கிய உருண்டையும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை, புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தேநீருக்கு முன்பாக எலுமிச்சம்பழ அளவில் கரும்பழுப்பு நிற உருண்டைகள் தட்டில் வந்தன. "இது எனர்ஜி பால், யூடியூப் பார்த்து நானே செஞ்சேன்" என்றாள் நண்பரின் மகள். அருகில் அமர்ந்திருந்த அவளுடைய ஆயா சிரித்துவிட்டார். "பேருதான் புதுசு தம்பி. நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்பவே மல்லாட்டையும் வெல்லமும் இடிச்சு உருட்டிக் குடுப்பாங்க. சாப்பிடுங்க."

உருண்டை பழையதா, புதியதா? இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆயினும் வரலாற்றார்வம் சும்மா இருக்க விடுமா? தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டே ஆராயத் தொடங்கினோம்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறோம். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் கால் கிலோ. தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 100 கிராம். முந்திரி, பாதாம், உலர்திராட்சை ஆகியவை 50 கிராம் வீதம். எள் இரண்டு மேசைக்கரண்டி. கடலையையும் பருப்புகளையும் எள்ளையும் தனித்தனியே வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆறியபின் ஒன்றிரண்டாகப் பொடிக்க வேண்டும். பேரீச்சையை மசித்து, உலர்திராட்சையும் ஏலப்பொடியும் சேர்த்து, பொடித்தவற்றைக் கலந்து, கையில் நெய் தொட்டு உருட்டினால் முடிந்தது. அந்தப் பெண் இவற்றோடு இனிப்பு நெல்லி வற்றலையும் பொடியாக நறுக்கிச் சேர்த்திருந்தாள். "ஊர் பேர் இருக்கணும்ல?" என்பது அவள் தந்த விளக்கம்!

இதில் பாகு காய்ச்சும் வேலை இல்லை. பேரீச்சையின் எடையில் பெரும்பங்கு சர்க்கரையே; அதுவே பசையாகி மற்றவற்றைப் பிடித்துக்கொள்கிறது. (சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் இவ்வரியை இருமுறை படிக்கவும்.) ஆயாவின் காலத்து உருண்டைக்கோ வெல்லப்பாகு வேண்டும். நீரில் விட்ட பாகு கையால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, சூடு தாங்கும் கைகளால் விரைந்து பிடிக்க வேண்டும்.

அவ்வகை உருண்டைகளில் மூத்தது பொருள்விளங்கா உருண்டை. வறுத்த அரிசியும் பயறும் சேர்ந்த மாவில் சுக்கும் ஏலமும் தேங்காய்ப் பல்லும் கலந்து, வெல்லப்பாகில் பிடிப்பது. என்னென்ன பொருள் சேர்ந்தது என்று விளங்காததால் இப்பெயர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். விளங்காயைப் போல் உருண்டு கடினமாக இருப்பதால் 'பொரிவிளங்காய்' என்பதே சரியான வடிவம் என்பாரும் உளர். கெடாமல் பல நாள் இருக்கும் என்பதால் நெடும்பயணத்துக்கு ஏற்ற பண்டம் அது. பிடித்துச் செய்யும் இனிப்பின் தொன்மைக்கு, மதுரைக்காஞ்சி காட்டும் மோதகமே போதிய சான்று. எனவே உருட்டும் கலை நம்முடையதே. ஆயாவின் கட்சி வென்றது என்று நினைத்தோம்.

ஆனால் உருட்டப்படும் பொருள்களைப் பார்த்தபோது தீர்ப்பு தடுமாறியது.

நெல்லி நம்முடையது, அதியமான் ஔவைக்கு ஈந்த கனி. எள்ளும் அவ்வாறே தொன்மையானது. பேரீச்சையோ கடல் வணிகத்தின் பழம். பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து பரூச் துறைக்குப் பேரீச்சை மிகுதியாக வந்ததை, கிபி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடற்பயண நூல் குறிப்பிடுகிறது. அதே நூல் பேசும் 'பொதுகே' துறைமுகத்தை, நெல்லித்தோப்பிலிருந்து சில கிலோமீட்டரே தொலைவிலுள்ள அரிக்கமேட்டோடு அறிஞர்கள் பொருத்திப் பார்க்கின்றனர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்திலும் இன்று பேரீச்சை உண்டு. அதை அயற்பழம் என்று யாரேனும் ஒதுக்குகிறார்களா?

முந்திரியின் கதை இன்னும் சுவையானது. மரம் பிரேசில் நாட்டது. போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையை அடைந்தது. ஆனால் 'முந்திரி' என்ற சொல் அதனினும் மூத்தது! 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னமாகச் சோழர் கல்வெட்டுகளின் நில அளவைகளில் அது பயின்று வருகிறது. திராட்சைக்கும் கொடிமுந்திரி என்ற பெயருண்டு. ஈழத்தமிழர் திராட்சையை முந்திரிகை என்றும், நாம் முந்திரி என்பதை மரமுந்திரிகை என்றும் வழங்குவர். புதிதாய் வந்த விருந்தாளிக்குப் பழைய பெயரையே சூட்டி வீட்டுப்பிள்ளை ஆக்கிக்கொண்டது தமிழ்.

இனி, மல்லாட்டைக்கு வருவோம். தென்னாற்காட்டிலும் புதுச்சேரியிலும் வேர்க்கடலைக்கு இதுவே பெயர். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு இது என்பர். தென் அமெரிக்காவில் பிறந்து பிலிப்பைன்சைத் தொட்டு வந்த பயணத்தை அப்பெயர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் செல்வம் துணி. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அந்த வணிகத்தின் இரைச்சல் கேட்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ எண்ணெய் வித்துக்கள், அவற்றுள்ளும் நிலக்கடலை, தலைமை பெற்றன. மார்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் அது தேவைப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து கடல்வழி குறுகியது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த கடலை, பிரெஞ்சுக் கொடி பறந்த கரையில் கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்றது.

இங்கேதான் நமக்கு ஒரு நெருடல் எழுந்தது. கப்பலேறிய கடலைக்குக் கணக்கு உண்டு. சுங்கத்தார் எழுதினார்கள், வணிகர்கள் எழுதினார்கள். வீட்டில் தங்கிய கடலைக்குக் கணக்கு எங்கே? அதை முதன்முதலில் வெல்லப்பாகில் இட்டுப் பார்த்தவள் யார்? அயல்நாட்டுக் கொட்டையைப் பொருள்விளங்கா உருண்டைக்குள் துணிந்து சேர்த்தவள் எந்தத் தெருவில் இருந்தாள்? எந்த ஆவணத்திலும் அவள் பெயரில்லை. பின்னாளில் கடலைமிட்டாய்க்குப் பெயர் கிடைத்தது. 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் புவிசார் குறியீடும் பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால் வீட்டு அடுக்களைகளின் பக்குவங்கள் கையிலிருந்து கைக்கு மட்டுமே செல்கின்றன. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

ஆயாவிடம் பழைய உருண்டையின் பக்குவத்தைக் கேட்டோம். "எதுக்கு எத்தனைன்னு எங்க தெரியும்? கை சொல்லும்" என்றார். பேத்தி அலைபேசியை எடுத்து, அந்தக் கையைப் படம்பிடிக்கத் தொடங்கினாள். பழையதா புதியதா என்ற வழக்கு அந்த நொடியில் நமக்குப் பொருளற்றுப் போயிற்று. வந்த பொருளை எல்லாம் தன் கைப்பக்குவத்தில் உருட்டித் தனதாக்கிக்கொள்வதே இந்த மண்ணின் பழமை. பேத்தி செய்ததும் அதுவேதான்.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உருண்டை செய்து பாருங்கள். அதற்கு முன், வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால், அவர் பிடித்த உருண்டையில் என்னென்ன இருந்தன என்று கேட்டு, ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். பொருள் விளங்காமல் போக வேண்டாம்.