துறவி கையில் எதுக்குக் கம்பு?

ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு ஹால்ல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஓடிக்கிட்டிருக்கு. தெரியாதவங்களுக்காக: தாள், பென்சில், பல முகமுள்ள பகடைகள், அவ்வளவுதான். ஒருத்தர் கதை சொல்லணும் (அந்தப் பாவி நான்). மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அந்தக் கதைக்குள்ள நடந்து, பேசி, சண்டை போடணும். கரண்ட் போனாலும் ஆடலாம் :)

அக்கா பையன் எடுத்தது 'மாங்க்'. அதாவது குங்ஃபூ துறவி. ஆயுதம் எழுதற இடத்தில் குட்டை வாள்னு எழுதினான். நான் சும்மா இருந்திருக்கலாம். "துறவிக்கு எதுக்குடா வாளு? கம்பு எடு. கம்பு அடிக்கும், கொல்லாது"ன்னு பெரிய மனுஷத்தனமா சொல்லிட்டேன். "சரி மாமா"ன்னு அழிச்சிட்டு மாத்தி எழுதினான். அன்னிக்கு ராத்திரி எனக்கே ஒரு சந்தேகம் வந்து புத்தகத்தை எடுத்தேன்.

முதல்ல விளையாட்டோட கதை. மாங்க் பாத்திரம் வந்தது 1975-ல், பிளாக்மூர் என்கிற துணைநூலில். புரூஸ் லீயோட 'என்டர் த டிராகன்' 1973-ல் வந்து, அமெரிக்காவே குங்ஃபூ ஜுரத்தில் இருந்த நேரம். அதனால வெறுங்கைதான் இந்தத் துறவியோட பெருமை. 1978 விதிநூலில் கம்பு, ஈட்டி, குறுக்குவில்னு ஒரு கலவையான பட்டியல் கொடுத்தாங்க. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் காமா, நுஞ்சாக்கு எல்லாம் சேர்ந்துச்சு. அது ரெண்டும் ஜப்பானின் ஒகினாவா தீவுச் சமாச்சாரம், சீனத்து ஷாவோலினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. சினிமாவில் பார்த்ததை எல்லாம் ஒரே பையில் போட்டுட்டாங்க.

2014 பதிப்பில் கணக்கு இப்படி: முதல் நிலையில் வெறுங்கைக்கு நாலு முகப் பகடை, கம்புக்கு ஆறு முகம், ரெண்டு கையாலயும் பிடிச்சா எட்டு. பதினேழாம் நிலைக்கு வந்தா கைக்கே பத்து முகம். ஆக, கம்பு கத்துக்குட்டிக்கு, கை குருவுக்கு.

வரலாறு அப்படியே தலைகீழ்.

621-ல் ஷாவோலின் துறவிகள், பின்னாடி தாங் பேரரசரான லி ஷிமினுக்கு ஆதரவா ஒரு போரில் இறங்கினாங்க. அதைச் சொல்ற 728-ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கு. என்ன ஆயுதம்னு மட்டும் அதில் இல்லை. மிங் காலத்துக்கு வந்தாதான் தெளிவாகுது, அங்க எங்க பார்த்தாலும் கம்பு. செங் சோங்யூன்னு ஒருத்தர் பத்து வருஷத்துக்கு மேல அங்கேயே பயிற்சி எடுத்து, பதினேழாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் ஷாவோலின் கம்பு முறைக்கே தனி நூல் எழுதினார். கம்புக்குப் பேர்போன இடத்தில் இப்ப ஏன் கைச்சண்டை பழகறாங்கன்னு ஒரு கேள்வி அந்த நூல்லயே வருது. கைச்சண்டை இன்னும் நாட்டில் பரவலை, அதையும் கம்பு மாதிரி முழுமைக்குக் கொண்டுவரப் பார்க்கறாங்கன்னு பதில். ஆக, கைதான் புதுசு.

(போதிதர்மர் எங்கேன்னு கேப்பீங்க. ஆரம்பகாலச் சீனக் குறிப்புகளில் ஒண்ணு அவரைப் பாரசீகர்ங்குது, இன்னொண்ணு தென்னிந்தியர்ங்குது. சண்டை சொல்லிக்கொடுத்ததா ரெண்டிலும் இல்லை. அவர் பேரை உடற்பயிற்சியோட கோத்துவிட்டது 1624-ஐச் சேர்ந்த ஒரு நூல். சண்டைக்கு வராதீங்க, நானும் வருத்தத்தோடதான் எழுதறேன்.)

சரி, ஏன் கம்பு? பௌத்தத் துறவி ஆயுதம் வெச்சுக்கக் கூடாது. ஆனா வளையம் கோத்த ஒரு ஊன்றுதடிக்கு அனுமதி உண்டு. நடக்கறப்ப அது கலகலன்னு சத்தம் போடும், பாம்பும் பூச்சியும் ஒதுங்கிப் போயிடும். மிதிச்சுக் கொன்னுடக் கூடாதுங்கற அக்கறை. கையில் எப்பவும் இருந்த இந்தத் தடியில் இருந்தே கம்புச் சண்டை வந்திருக்கலாம்னு மெயிர் ஷஹார் என்கிற ஆய்வாளர் யோசிக்கிறார். மடத்தோட சொந்தக் கதை வேற. கொள்ளைக்காரங்க வந்தப்ப சமையல்கட்டில் வேலை செஞ்ச ஒருத்தர் அடுப்புத் தள்ளுற கோலோட பாய்ஞ்சு, பூதாகாரமா வளர்ந்து விரட்டினாராம். 1517-லயே இதைக் கல்லில் வெட்டி வெச்சிருக்காங்க. நிஜத்தில் 1350-களில் கலகக்காரங்க மடத்தைச் சேதப்படுத்தினாங்க, துறவிகள் ஓடிப்போனாங்க. தோத்த கதையை ஜெயிச்ச கதையா மாத்தறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதானே.

இது வரைக்கும் நான் பையன்கிட்ட சொன்னது தப்பில்லைன்னே நெனச்சேன். அடுத்து 1553 வந்துச்சு.

கடற்கொள்ளையர் சீனக் கடற்கரையைச் சூறையாடின காலம். ஜூலை மாசம் வெங்ஜியாகாங்ங்கற இடத்தில் 120 துறவிகள் எதிர்த்து நின்னாங்க (எல்லாரும் ஷாவோலின் இல்லை). பத்து நாள் துரத்தித் துரத்தி அடிச்சதில் நூத்துக்கு மேல கொள்ளையர் செத்தாங்க. துறவிகள் பக்கம் இழப்பு நாலே பேர். கையில் இருந்தது இரும்புக் கம்பு. தப்பியோடின ஒரு கொள்ளையனோட பொண்டாட்டியை ஒரு துறவி அந்தக் கம்பாலயே கொன்னார்.

பூச்சி சாகக் கூடாதுன்னு கலகலன்னு ஆட்டின தடி சார் அது.

இங்கிலாந்து சம்பந்தப்பட்ட ஒரு கொசுறு. பேயு சித்திரத்துணியில் 1066 ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் பிஷப் ஓடோ கையில் ஒரு தடி இருக்கும். பாதிரியார் ரத்தம் சிந்தக் கூடாது, அதனால தடின்னு ரொம்ப நாளா ஒரு விளக்கம் உண்டு. அது வெறும் அதிகாரச் சின்னம்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா 1978 விதிநூலில் பூசாரிப் பாத்திரத்துக்குக் கூரான ஆயுதம் தடை, சம்மட்டி மாதிரி மொத்துறதுதான். மண்டை உடைஞ்சா ரத்தம் வராதாமா?

போன ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னாடி பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அன்னிக்கு மாமா சொன்னது தப்புடா, கம்பும் கொல்லும். வாளே வேணும்னா எடுத்துக்க."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தப் பொம்பளை என்ன மாமா பண்ணினாங்க?"ன்னு கேட்டான்.

"ஓடிக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான் எழுதியிருக்கு."

கம்பையே வெச்சுக்கிட்டான். அன்னிக்கு ஆட்டத்தில் தோத்து ஓடின கொள்ளைக்கூட்டத்தைத் துரத்தலாம்னு மத்த மூணு பேரும் சொல்ல, இவன் வரலைன்னுட்டான். அந்த வாக்குவாதத்துலயே மணி ஒன்பதாகி, அக்கா சாப்பிடக் கூப்பிட்டுட்டா.