வெறும் வயிற்றோடு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் காலை ஏழரை மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். வண்டலூர் கிரசென்டுக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் கல்லூரிப் பேருந்து. நகரத்துக் கல்லூரிகளுக்கு மின்சார ரயில். இட்லி வேகும் முன்பே பிள்ளை வாசலில் நிற்கிறான். பத்தரை மணிக்கு கேன்டீனில் டீயும் சமோசாவும், இரவு பத்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பரோட்டாவும்தான் அவனுடைய உணவு.

ரமலானில் ஸஹர் செய்யாமல் பிள்ளை நோன்பு பிடித்தால் பதறிப்போகிறோம். ஸஹரில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. மற்ற பதினொரு மாதங்களில் அதே பிள்ளை வெறும் வயிற்றோடு போவதை நாம் கண்டுகொள்வதில்லை.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. பட்டினியோடு வகுப்பில் அமர்பவருக்குத் தலைவலியும் எரிச்சலும் வந்தால் அதில் வியப்பில்லை. முந்தின இரவே அவித்து வைத்த இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் பையில் இருந்தால் ரயிலுக்குக் காத்திருக்கும்போதே சாப்பிட்டுவிடலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் களைப்பு, படிப்பில் மனம் நிற்காதது ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் நாம் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஈரல், இறைச்சி, கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது குறையும். நம் வீடுகளில் பிரியாணிக்குப் பின் டீ வராமல் இருக்காது!

உடற்பயிற்சி பற்றிப் பேசினால், "ஐவேளைத் தொழுகை போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம். பள்ளிவாசலுக்கு பைக்கை விட்டுவிட்டு நடந்து செல்வதை எழுதலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஐந்தே நாளில் கணக்கு முடிந்துவிடும். பெண்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை அபூதாவூதில் பார்க்கட்டும். மகளை வாப்பாவோ உம்மாவோ கூட்டிக்கொண்டு நடக்கலாமே.

இப்படி நடப்பவர்களுக்கு உறக்கம் சீராகிறது, மனப்பதற்றம் குறைகிறது. ஆனால் மனச்சோர்வு என்ற நோயை நடைப்பயிற்சி மட்டுமே தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதை ஈமான் பலவீனம் என்று ஏசுவதும் தவறு. இரண்டு வாரத்துக்கு மேலும் பிள்ளை சாப்பிடாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தயக்கம் இருந்தால் முதலில் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.