பதினோராவது பெயர்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினோரு பேர். நாம் ஆடும் கால்பந்து அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரை மோதிச் சாய்ப்பதுமான முரட்டு ஆட்டம். அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் நாடு முழுவதிலும் உள்ள கல்லூரி அணிகளிலிருந்து சிறந்த பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து 'அனைத்து அமெரிக்க அணி' என்று அறிவித்தார்கள். அந்த அணி களத்தில் இறங்கி ஆடுவதில்லை. பட்டியலில் பெயர் வருவதுதான் பெருமை. 1950வாக்கில், இந்த ஆட்டத்தின் முழுமையான பதிவு என்று சொல்லிக்கொண்டு ஒரு புத்தகம் வந்தது. அதில் 1918ஆம் ஆண்டு அணிக்குப் பத்துப் பெயர்கள்தான் இருந்தன.

பதினோராவது ஆள் எங்கே போனார்? அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். உலகமே அறிந்த பாடகராக, நடிகராக இருந்தார். பெயர் பால் ரோப்சன். கறுப்பினத்தவர். அவர் பெயரை அச்சிடுவதைவிட அணியை ஓர் ஆள் குறைவாகக் காட்டுவதே மேல் என்று நினைத்தார்கள்.

'தகுதி, திறமை' என்ற இரண்டு சொற்களைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்று வகுப்பறையில் சொல்கிறார்கள், நேர்காணலில் சொல்கிறார்கள், இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் உரக்கவே சொல்கிறார்கள். அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்க்க ரோப்சனை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. ஏனென்றால், திறமையில் அவரிடம் குறை சொல்ல எவராலும் முடியவில்லை.

1898 ஏப்ரல் 9 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ட்ரூ ரோப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் தப்பி ஓடி வந்து, படித்து, பாதிரியார் ஆனவர். பிரின்ஸ்டனில் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் உண்டு. ஆனால் அந்த ஊரின் உயர்நிலைப் பள்ளிகூடக் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாலின் மூத்த அண்ணன் பில் உயர்நிலைப் படிப்புக்காகப் பதினொரு மைல் தள்ளி டிரென்டனுக்குப் போய் வந்தார். தந்தையைச் சபைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அவர் வண்டி வைத்து வீடு வீடாகச் சாம்பல் அள்ளிப் பிழைத்தார். பாலுக்கு ஆறு வயது நிறையும் முன்பே, சமையல் அடுப்புத் தீ உடையில் பற்றித் தாய் இறந்துபோனார்.

1910ல் தந்தைக்கு சோமர்வில் என்ற சிற்றூரில் மீண்டும் ஒரு சபை கிடைத்தது. அந்த ஊரின் உயர்நிலைப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மாணவர்களில் பாலும் ஒருவர். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் என்று நான்கிலும் பள்ளியின் முன்னணி ஆட்டக்காரர் அவர்தான். பாட்டுக் குழுவில் பாடினார். பேச்சுப் போட்டிகளில் பேசினார். பள்ளி மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக வேடம் கட்டினார். மாலையில் வீட்டுக்கு வந்தால் தந்தை லத்தீன் பாடத்தை வரி வரியாகக் கேட்பார்.

சில ஆசிரியர்கள் அவரை அன்போடு வளர்த்தார்கள். தலைமை ஆசிரியருக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. இந்தப் பையன் எவ்வளவு நன்றாகச் செய்தானோ அவ்வளவுக்கு அவர் வெறுப்பும் கூடியது என்று ரோப்சன் பின்னாளில் எழுதினார். நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோற்கும் பிள்ளையைப் பார்த்து இரங்குவது ஆதிக்க மனத்துக்கு எளிது. ஜெயிக்கும் பிள்ளையைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், ரட்கர்ஸ் கல்லூரியில் நான்கு ஆண்டுகளும் படிக்க உதவித்தொகை தரும் மாநில அளவிலான தேர்வு ஒன்று இருப்பது ரோப்சனுக்குத் தெரிய வந்தது. மற்ற மாணவர்கள் முதல் மூன்று ஆண்டுப் பாடங்களுக்கான தேர்வை முந்தைய ஆண்டே எழுதி முடித்திருந்தார்கள். தகவல் தாமதமாக வந்ததால், இவர் நான்கு ஆண்டுப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. எழுதினார், வென்றார். 1915ல் ரட்கர்ஸில் சேர்ந்தார். 1766ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். அவர் சேர்ந்தபோது வளாகத்தில் வேறு கறுப்பின மாணவர் எவரும் இல்லை.

கால்பந்து அணிக்கான முதல் பயிற்சியிலேயே சக மாணவர்கள் சேர்ந்து அவரைத் தாக்கினார்கள். மூக்கு உடைந்தது, தோள் மூட்டு நழுவியது. பத்து நாள் படுக்கையில் கிடந்தார். திரும்பி வந்ததும் ஒருவன் பூட்ஸ் காலால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். அவர் விலகவில்லை. தான் தனி ஆளாக அங்கே வரவில்லை, ஆட விரும்பும், படிக்க விரும்பும் எத்தனையோ கறுப்பினப் பிள்ளைகளின் சார்பில் வந்திருக்கிறோம் என்பது தந்தை சொல்லிக்கொடுத்த பாடம்.

1916ல் தென் மாநிலத்திலிருந்து வாஷிங்டன் அண்ட் லீ கல்லூரி அணி ஆட வந்தது. கறுப்பினத்தவர் களத்தில் இருந்தால் ஆட மாட்டோம் என்றது. ரட்கர்ஸ் ரோப்சனை வெளியே உட்கார வைத்தது. பயிற்சியில் அவர் கையை மிதித்தது வெறிபிடித்த ஒருவன். இந்த முறை முடிவெடுத்தது கல்லூரி நிர்வாகம். ரத்தம் வராத அடி என்பதால் இது சிறிய அடியாகிவிடாது.

இத்தனைக்கும் நடுவில் 1917, 1918 இரண்டு ஆண்டுகளிலும் அனைத்து அமெரிக்க அணியில் இடம்பெற்றார். பள்ளியைப் போலவே கல்லூரியிலும் நான்கு விளையாட்டுகளில் அணிக்காக ஆடினார். கல்லூரிப் பாட்டுக் குழுவில் முறையான உறுப்பினராக முடியவில்லை. உறுப்பினர் என்றால் வெள்ளையர் மட்டுமே கூடும் விருந்துகளுக்குப் போயாக வேண்டும். குரல் வேண்டும், ஆள் வேண்டாம். 1919ல் பட்டமளிப்பு விழாவில் தன் வகுப்பின் சார்பில் உரையாற்றியவர் ரோப்சன்தான்.

பிறகு கொலம்பியாவில் சட்டம் படித்தார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த அதே பல்கலைக்கழகம். படிப்புச் செலவுக்காக 1921, 1922 ஆண்டுகளில் தொழில்முறைக் கால்பந்து ஆடினார். 1923ல் சட்டப் பட்டம் வாங்கி நியூயார்க்கில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தபோது, அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுத அங்கிருந்த வெள்ளையினப் பெண் ஊழியர் மறுத்தார். ரோப்சன் வழக்கறிஞர் தொழிலை விட்டு மேடைக்குப் போனார். இருபது ஆண்டுகள் கழித்து, 1943ல், பிராட்வேயில் அவர் நடித்த ஒத்தெல்லோ 296 முறை மேடையேறியது. பிராட்வேயில் எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அதுவரை அத்தனை நாள் ஓடியதில்லை.

அவர் பாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் சிலை வைத்திருப்பார்கள். அவர் பேசினார். கறுப்பினத்தவரைக் கும்பல் கொலை செய்வதற்கு எதிராகப் பேசினார். ஆப்பிரிக்க விடுதலைக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் நின்றார். சோவியத் நாட்டை வெளிப்படையாக ஆதரித்தார். 1943 டிசம்பரில் பேஸ்பால் அணி முதலாளிகளை நேரில் சந்தித்து, கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாதாடினார். அந்தக் கதவு 1947ல் திறந்தது. உள்ளே போனவர் ஜாக்கி ராபின்சன். அவரும் கலிபோர்னியாவின் பாசடீனாவில் உயர்நிலைப் பள்ளியிலேயே கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம், டென்னிஸ் என ஐந்திலும் ஜொலித்தவர்.

இனி நடந்ததைத்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். 1949 ஏப்ரலில் பாரிஸ் அமைதி மாநாட்டில் ரோப்சன் பேசியதைச் செய்தி நிறுவனம் திரித்து வெளியிட்டது. நாடே அவர்மீது பாய்ந்தது. ஜூலையில், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு ஜாக்கி ராபின்சனை அழைத்தது, ரோப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல. ராபின்சன் போனார். ரோப்சனின் கருத்தை மறுத்தார். அதே உரையில் நிறவெறியையும் கண்டித்தார். பத்திரிகைகள் முதல் பாதியைக் கொண்டாடின, இரண்டாம் பாதியை ஓரங்கட்டின. ஒரு கறுப்பின வீரரைக் கொண்டே இன்னொரு கறுப்பின வீரரை அடித்தாயிற்று. வெள்ளைக் கை மறைவில் இருந்துகொண்டது.

இதைப் படிக்கும்போது நமக்கு பல்வங்கர் பாலூ நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சமார் சாதியில் பிறந்து, புனேவின் வெள்ளையர் கிளப்பில் மைதான வேலையாளாக இருந்து, இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் ஆனவர். 1911ல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். களத்தில் சாதி இந்துக்கள் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். ஆட்டத்தின் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர். இந்துக்கள் அணியின் தலைமையைக் கடைசி வரை அவருக்குத் தரவில்லை. அதே பாலூவைத்தான் 1937 தேர்தலில் பம்பாயில் பாபாசாகேப் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது. பாலூ தோற்றார். ஆனால் தொட மறுத்தவர்கள் அவர் புகழை மட்டும் எடுத்து ஆயுதமாக்கிக்கொண்டது நடந்துவிட்டது.

பாலூவையோ ராபின்சனையோ துரோகி என்று எழுதிக் கடந்துபோவது நமக்கு அழகல்ல. யாருக்கு அத்தனை நெருக்கடி கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதே கேள்வி. ராபின்சன் பிற்காலத்தில், 1972ல் வெளியான தன்வரலாற்றில், இப்போது அழைத்தால் அப்படிப் போக மாட்டேன் என்றும், ரோப்சன்மீது மதிப்பு கூடியிருக்கிறது என்றும் எழுதினார். அந்த நேர்மைக்கு அவரை நாம் வணங்கலாம். ஆனால் நடந்த சேதம் அதற்குள் நடந்துவிட்டிருந்தது.

1949 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் அருகே அவர் நிகழ்ச்சிக்கு வந்தவர்களைக் கும்பல் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 1950ல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. அரங்குகள் கதவடைத்தன. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்த வருமானம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. 1956ல் அதே விசாரணைக் குழு, ரஷ்யாவிலேயே தங்கியிருக்கலாமே என்று அவரைக் கேட்டது. என் தந்தை இங்கே அடிமை, இந்த நாட்டைக் கட்ட என் மக்கள் செத்தார்கள், இங்கேயேதான் இருப்பேன் என்ற பொருளில் பதில் சொன்னார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1958ல், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே கடவுச்சீட்டு திரும்பி வந்தது.

அதே 1958 ஏப்ரலில் அவருடைய அறுபதாவது பிறந்தநாளை இந்தியாவிலும் கொண்டாடினார்கள். பிரதமர் நேரு பாராட்டினார். நல்லதுதான். ஆனால் கடல் தாண்டிய நிறவெறியைக் கண்டிக்க இங்கே பெரிய துணிச்சல் தேவைப்படவில்லை. பாலூவின் மண் குவளையைப் பற்றிப் பேசத்தான் துணிச்சல் வேண்டியிருந்தது.

ரோப்சன் 1976 ஜனவரியில் இறந்தார். கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது 1995ல். அனைத்து அமெரிக்க அணிக்குத் தேர்வாகி எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து. இறந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

ஆக, திறமை கதவைத் திறக்கும் என்பது பாதி உண்மை. நீங்கள் அவர்களுக்காகப் புள்ளி எடுக்கும் வரை கதவு திறந்திருக்கும். உங்கள் மக்களுக்காக வாயைத் திறந்தால் ஏற்கெனவே எடுத்த புள்ளியையும் அழிப்பார்கள். அழித்ததை மீட்க முடிந்ததற்குக் காரணம், கறுப்பினப் பத்திரிகைகளும் வரலாற்று ஆய்வாளர்களும் அவரைப் பற்றி விடாமல் எழுதி வைத்ததுதான்.

அந்த வேலையை நாமும் செய்யலாம். நம் ஊரில், நம் தெருவில், பள்ளிக் காலத்தில் ஓடிய, தாண்டிய, கபடி ஆடிய அக்காக்களும் அண்ணன்களும் இருப்பார்கள். மாவட்ட அளவில் வென்ற சான்றிதழ் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எத்தனையாவது இடம், பிறகு ஏன் அணியில் பெயர் இல்லை என்று கேட்டு, தேதியோடு எழுதுங்கள். நாளைக்கு யாராவது பத்துப் பெயர்களை மட்டும் அச்சிட்டுக்கொண்டு வந்தால், பதினோராவது பெயர் நம் நோட்டில் இருக்க வேண்டும்.