பருத்தியில் மூணுல ரெண்டு பங்கு யாருக்கு?

சாயங்காலம் செல்லூர் பக்கம் நடந்தா, தள்ளுவண்டியில சூடா பருத்திப்பால் குடிக்கலாம். சுக்கு, கருப்பட்டி வாசத்தோட ஒரு டம்ளர். அந்தப் பால் எந்தக் கொட்டையில இருந்து வருதோ, அதே கொட்டைதான் சுத்துப்பட்டு கிராமங்கள்ல மாட்டுத் தொட்டியிலயும் ஊறுது. இன்னைக்கு அந்தத் தொட்டியோட வரலாறு.

முதல்ல ஒரு கணக்கு. காட்டுல எடுத்த 100 கிலோ பருத்தியில பஞ்சு சுமார் 35 கிலோதான். மிச்சம் எல்லாம் கொட்டை. செல்லூர் தறிகளுக்கு வந்தது அந்த மூணுல ஒரு பங்கு. வீட்டுலயே கையால கொட்டை பிரிச்ச காலத்துல, மீதி ரெண்டு பங்கு ஊருக்குள்ளேயே தங்கிச்சு. 1890கள்ல ரயில் நிலையம் பக்கத்துல ஹார்வி சகோதரர்களோட மதுரா மில் ஓட ஆரம்பிச்சது. பஞ்சு பிரிக்கிற வேலை மெஷினுக்குப் போகப் போக, கொட்டை விலை கொடுத்து வாங்குற பொருளாச்சு.

மாட்டுக்கு அது எதுக்கு? வைக்கோல் வயித்தை நிரப்பும், தெம்பு தராது. உழுறதுக்கும் கவலை இறைக்கிறதுக்கும் தெம்பு வேணும். பருத்திக்கொட்டையில சுமார் 20 சதவீதம் கொழுப்பு. எடைக்கு எடை பார்த்தா கொழுப்பு, மாவுச்சத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி தரும். அதனாலதான் ராத்திரி ஊறவச்சு, காலையில ஆட்டி, தவிடும் புண்ணாக்கும் கலந்து வச்சாங்க. ஜல்லிக்கட்டு காளைக்கு இப்பவும் அந்த உபசாரம் உண்டு.

ஆனா அள்ளி வைக்கக் கூடாது. மொத்தத் தீவனத்துல கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினா, இரைப்பையில வைக்கோலைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் முடங்கிடும். நம்ம ஊர்க்காரங்க கை அளவுலயே அதைப் பழகி வச்சிருந்தாங்க.

இதே காலத்துல இன்னொரு கதை. 19ஆம் நூற்றாண்டோட பின்பாதியில புதுச்சேரியில இருந்து நிலக்கடலை கப்பல் கப்பலா பிரான்ஸோட மார்செய்க்குப் போச்சு. எண்ணெய் அங்கே சோப்பாச்சு. புண்ணாக்கு ஐரோப்பாவோட மாட்டுக்கும் வயலுக்கும் போச்சு. 1889ல இந்தியா வந்து சுத்திப் பார்த்த வோல்க்கர்ங்கிற வேளாண் வேதியியலாளர், 1893ல வெளியான அறிக்கையில இதைத்தான் சொன்னார்: எண்ணெய் வித்தை அப்படியே ஏத்துமதி பண்ணா, மண்ணோட சத்தும் கூடவே போயிடும்.

அமெரிக்காவோட டெக்சாஸ்ல அப்போ எண்ணெய் மில் பக்கத்துலயே மாட்டைக் கட்டி, பருத்திக்கொட்டைத் தோலும் புண்ணாக்கும் போட்டுக் கொழுக்க வச்சு இறைச்சிக்கு அனுப்பினாங்க. அதே சரக்கு, அங்கே இறைச்சிக்கு, இங்கே ஏருக்கு.

இப்போ தவிட்டுக்கு வருவோம். 100 கிலோ நெல்லுல தவிடு ஏழெட்டு கிலோ தேறும். நல்ல தவிட்டுல 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கு. சீக்கிரம் கெட்டுப் போகும். அதனால அந்தந்த ஊர் மாடே அதைத் தின்னு தீர்த்துச்சு. அப்புறம் கரைப்பான் ஆலைகள் வந்தாச்சு. தவிட்டுல இருந்து எண்ணெயை உறிஞ்சு பாட்டில்ல அடைச்சு, 'இதயத்துக்கு நல்லது'ன்னு நமக்கு விக்கிறாங்க. மிஞ்சுற எண்ணெய் நீக்கின தவிட்டுல கொழுப்பு ஒரு சதவீதம் அளவுதான். புரதமும் நாரும் இருக்கு, அந்தத் தெம்பு மட்டும் இல்லை.

இங்கேதான் வேடிக்கை. கறவை மாட்டுக்குக் கொழுப்பு பத்தலைன்னு 'பைபாஸ் ஃபேட்'னு ஒரு பொடியை விவசாயி காசு கொடுத்து வாங்குறார். அது பெரும்பாலும் பாமாயில் கொழுப்பு அமிலத்தோட கால்சியம் சேர்த்துச் செய்யுறது. தன் வயல் தவிட்டுல இருந்த கொழுப்பு நம்ம அடுப்படிக்கு வந்துடுச்சு. அவர் மாட்டுக்கான கொழுப்பு வேற எங்கேயோ விளைஞ்சு வருது.

யாரையும் குத்தம் சொல்லலை. நானும் அந்த எண்ணெயிலதான் வடை சுடுறேன். ஆனா பால் விலை ஏறும்போது, தொட்டிக்குள்ள என்ன போகுது, அதுல இருந்து யார் எதை எடுத்தாங்கன்னும் சேர்த்துக் கேட்போம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.