காலித் துறையும் கண்ணாடிக் கற்களும்

வைகாசி பிறந்ததும் இலங்கையின் தென்மேற்குக் கரையிலே கடலின் போக்கு மாறிவிடுகின்றது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என வழங்கும் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து, பெந்தோட்டை முதல் வெலிகம வரையுள்ள மணற்கரைகளை அலைகளால் அறைகின்றது. நீராடும் இடங்களிற் சிவப்புக் கொடிகள் ஏறுகின்றன. விடுதிகள் சில கதவைச் சாத்துகின்றன. ஏனையவை வாடகையைக் குறைக்கின்றன. அந்தக் குறைந்த வாடகையை நாடி வரும் உல்லாசப் பயணிகள் மிகச் சிலர். நிறைந்த பருவத்திலே நூறு பேருக்குப் பங்கிடப்படும் உபசரணை முழுவதும் அச்சிலரைச் சுற்றியே குவிகின்றது. அவ்வுபசரணையிலே அன்பு எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு, வஞ்சகம் எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. இது நேற்றுத் தோன்றிய சங்கடமும் அன்று. காலித் துறைமுகத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு இதன் வேர் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கீழிறங்கிச் செல்வது புலனாகும்.

காலி வணிகத்துக்குப் புதிய ஊரன்று. சீனக் கடற்றளபதி செங் கோவின் பெயரோடு தொடர்புடைய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911இல் இந்நகரிலேயே கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டிருத்தல், அக்காலத்துத் துறைமுகத் தெருக்களிலே எவ்வெம்மொழிகள் வழங்கின என்பதற்குச் சான்றாகும். பின்னர்ப் போர்த்துக்கேயர் வந்தனர். 1640இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும் பொருள் வாங்க வந்த வணிகர் வேறு. பொழுது போக்க வந்த பிரயாணி வேறு. இந்த இரண்டாவது மனிதனைக் காலிக்குக் கொண்டுவந்து இறக்கியது நீராவிக் கப்பலேயாம்.

1842இல் பீ அன்ட் ஓ கம்பெனியின் ‘இந்துஸ்தான்’ என்னும் கப்பல் கல்கத்தாவுக்கும் சுயெசுக்கும் இடையிலான சேவையைத் தொடங்கிற்று. அவ்வழியிலே காலி ஒரு தரிப்பிடமாயிற்று. நிலக்கரி ஏற்றவும், தபாற் பைகளை மாற்றவும், சீனாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போவோர் இணைப்புக் கப்பலுக்குக் காத்திருக்கவும் வேண்டியிருந்தமையால், நாட்டின் வேறெந்த ஊரிலும் காணாத அளவுக்கு அந்நியர் கூட்டம் இங்கே வந்து வந்து போயிற்று. கோட்டையினுள் 1684ஆம் ஆண்டுக் கட்டடமொன்று 1860களிலே விடுதியாக மாறியது. அதன் விறாந்தையிலே சாய்மனைக் கதிரைகள் வரிசையாக இடப்பட்டன. அக்கதிரைகளைச் சுற்றி வியாபாரிகள் அமர்ந்தனர்.

நங்கூரம் பாய்ச்சியவுடனேயே வள்ளங்கள் கப்பலைச் சூழும். கருங்காலிப் பெட்டி, ஆமையோட்டுச் சீப்பு, தந்தத்திற் செதுக்கிய யானை, பீரலு ரேந்தை ஆகியவற்றோடு, இடுப்பு மடியிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சும் வெளிவரும். அதனுள் நீலக்கல், கெம்பு, வைடூரியம், சந்திரகாந்தக்கல். விலை கேட்டால், ஆளைப் பார்த்து நூறு பவுண் என்பார் வியாபாரி. பிரயாணி சிரிப்பார். முடிச்சு மீண்டும் மடிக்குள் போகும். சிறிது நேரத்தில் ஐம்பது, பின் இருபது, கப்பல் புறப்படுவதற்கான சங்கு ஊதும் வேளையிலே ஐந்து. நூறு பவுண் பெறுமதியுள்ள கல்லை ஐந்துக்குப் பறித்துவிட்டோம் என்ற பூரிப்போடு பிரயாணி மேற்றளத்துக்கு ஏறுவார். கல் ஐரோப்பாவிலேயே வார்த்த கண்ணாடி என்பது, பல வேளைகளில், இலண்டன் நகைக்கடையிலேதான் அவருக்குத் தெரியவரும். அக்காலத்துப் பிரயாண நூல்களிலே இக்கதை மீண்டும் மீண்டும் வருகின்றது. பெர்மிங்காம் நகரத்துக் கண்ணாடி கடல் கடந்து வந்து, இலங்கை மாணிக்கமாகிப் பிறந்த நாட்டுக்கே திரும்பிச் சென்றது என்பது அவர்களது கசப்பான நகைச்சுவை.

இங்கே ஏமாற்றியது கண்ணாடி மட்டுமன்று, காலமும் ஏமாற்றிற்று. பிரயாணிக்குச் சில மணி நேரமே உண்டு. இன்னொரு கடையிலே விலை கேட்டு ஒப்பிட அவருக்கு வாய்ப்பில்லை. ஏமாந்ததை அறியும்போது அவர் ஆறாயிரம் மைல் தொலைவில் இருப்பார். வெட்கத்தால் அதைப் பிறர்க்குச் சொல்லவும் மாட்டார். விற்றவர்க்கோ அதே முகத்தை மறுபடியும் காணும் அச்சமில்லை.

இதை வைத்து இரத்தின வணிகர் அனைவரையும் பழித்தல் பெரும் பிழையாகும். காலியிலும் பேருவளையிலும் தலைமுறை தலைமுறையாக இரத்தின வணிகம் செய்த சோனகக் குடும்பங்கள், துணியின் கீழே விரல்களைத் தொட்டு விலை பேசி, எழுத்தில்லாத வாக்கின்மேல் பெருந்தொகைகளைக் கைமாற்றியவர்கள். தமக்குள்ளே வாக்குப் பிசகினவர்க்கு அச்சந்தையில் இடமில்லை. கப்பலோரத்து முடிச்சுக்காரர் செய்த தீங்கு பிரயாணியின் ஐந்து பவுணோடு நிற்கவில்லை. நல்ல கல்லைக் கையில் வைத்திருந்த வணிகர் உண்மை சொன்னபோதும் நம்புவாரின்றிப் போனமையே அதனினும் பெரிய நட்டம்.

காற்று மாறிய மாதங்களில் நிலைமை இன்னும் கடினமாயிருந்தது. காலித் துறை தென்மேற்குக் காற்றுக்குத் திறந்து கிடப்பது. அதன் வாயிலிலே பாறைகள் உள. 1860 மே 22ஆம் நாள், சீனாவுக்குத் தூது சென்றுகொண்டிருந்த எல்ஜின் பிரபுவும் பிரான்சியத் தூதர் குரோ பிரபுவும் ஏறியிருந்த ‘மலபார்’ என்னும் கப்பல், புறப்படும் வேளையிற் சூறையில் அகப்பட்டுப் பாறையில் மோதி மூழ்கியது. தூதர் இருவரும் உயிர் தப்பினர். கப்பலிலிருந்த செல்வத்தைச் சுழியோடிகள் இறங்கி மீட்டனர். பெரிய மனிதரே கரையில் முடங்கிக் கிடக்க நேர்ந்ததாயின், சாதாரணப் பிரயாணியின் பாடு எவ்வாறிருந்திருக்கும்! மழைக்கு அஞ்சி விறாந்தையில் அடைபட்டவரிடம் முடிச்சுக்காரர் அவசரப்பட வேண்டியதில்லை. காத்திருப்பதற்கு இருவர்க்கும் நேரம் இருந்தது.

இந்தக் காற்றே இறுதியிற் காலியின் வாழ்வையும் குலைத்தது. 1875இல் கொழும்பிலே அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1880களிலே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே மாறிச் சென்றன. முடிச்சுகளும் கொழும்பு இறங்குதுறைக்குப் போயின.

அடுத்த மாற்றம் பாரிஸ் நகரத்து ஆய்வுகூடமொன்றில் நிகழ்ந்தது. வெர்னோய் என்னும் இரசாயன அறிஞர், தீச்சுவாலையிலே பொடியை உருக்கிச் செயற்கைக் கெம்பை வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். சில ஆண்டுகளிற் செயற்கை நீலக்கல்லும் வந்தது. இது கண்ணாடியன்று. பூமியில் விளைந்த கல்லுக்குள்ள அதே கடினம், அதே பாரம் இதற்கும் உண்டு. ஆகவே தீக்குச்சியைக் கொளுத்திக் கல்லைச் சுட்டுக் காட்டுதல், கண்ணாடிமேற் கீறிக் காட்டுதல் ஆகிய பழைய ‘சோதனைகள்’ எல்லாம் பொருளற்றனவாயின. செயற்கைக் கல் அவை யாவற்றிலும் தேறிவிடும். உருப்பெருக்கியினூடே பார்க்கும்போது தெரியும் வளைந்த வரிகளே அதைக் காட்டிக்கொடுக்கும். தெருவோரத்திலே தீக்குச்சி கொளுத்துபவர் இன்றும் உளர். அவர் கொளுத்துவது கல்லைச் சோதிக்கவன்று என்பதை நேயர்கள் ஊகித்திருப்பர்.

1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு வந்த பயணிகள் 18,969 பேர். 1982இல் அத்தொகை நான்கு இலட்சத்தைக் கடந்தது. பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் விடுதிகள் எழுந்தன. துறைமுகத்து விறாந்தை கடற்கரையெங்கும் நீண்டது எனலாம். 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1993இன் பின் அதன் பணி தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் வந்தது. பால் மங்கிய ‘கெவுடா’க் கற்களைச் சூளையிலிட்டு நீலமாக்கும் வித்தையைத் தாய்லாந்து வணிகர் கையாண்டதும் 1970களிலேதான். சூடேற்றிய கல்லைச் சூடேற்றியது என்று சொல்லி விற்றாற் குற்றமில்லை. சொல்லாது விடுவதிலேயே வஞ்சகம் உள்ளது.

இனி, மழைக்காலத்துக் கடற்கரையில் இன்று நடப்பதைப் பார்க்கலாம். பயணியொருவர் தனியே நடந்து போகின்றார். “ஐயா, என்னைத் தெரியவில்லையா? உங்கள் விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறேன்” என்று ஒருவர் கும்பிடுகின்றார். அவர் விடுதியின் பெயரைச் சொல்லவில்லை என்பதைப் பயணி கவனிப்பதில்லை. இன்று மட்டும் கோயிலிலே யானைப் பெரகரா. இன்றோடு முடியும் அரசாங்க இரத்தினக்கல் விற்பனை. நீங்கள் தேடும் கடை மழையால் மூடிக்கிடக்கின்றது, வேறொன்று காட்டுகின்றேன் என்று பேச்சு வளர்கின்றது. ஆட்குறைந்த காலத்திலே ‘மூடிக்கிடக்கின்றது’ என்ற பொய் மெய்போலத் தோன்றும். பாதிக் கடைகள் உண்மையாகவே மூடியிருக்கின்றன அல்லவா? முச்சக்கரவண்டி வருகின்றது. பயணம் கடையொன்றில் முடிகின்றது. அழைத்துவந்தவர்க்குரிய தரகு விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். பாலில்லாக் குழந்தைக்குப் பணம் வேண்டாம், பால்மா மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கேட்டு, வாங்கிய பொதியைப் பின்னர் அதே கடைக்குத் திருப்பிக் கொடுப்பதும் நடப்பதுண்டு. இரக்கத்தை விற்பனைப் பொருளாக்குதல் கண்ணாடியை விற்பதிலும் கொடிது. ஏனெனில் உண்மையிலேயே பசித்த குழந்தையின் தாய்க்கு மறுநாள் எவரும் முகங்கொடுக்க மாட்டார்.

தப்பும் வழிகள் சிக்கலானவையல்ல. விடுதியின் பெயரை எதிரிலுள்ளவரே சொல்லட்டும் என்று காத்திருத்தல். திருவிழா உண்டா என்பதை விடுதியிலே விசாரித்தல். முச்சக்கரவண்டியில் ஏறுமுன் கட்டணம் பேசுதல். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலையைப் பார்த்தல். கல் வாங்க விரும்புவோர், அதிகாரசபையிலே சோதித்துப் பார்த்த பின்னரே பணம் தருவதாகச் சொல்லலாம். நல்ல வணிகர் அதற்குச் சினப்பதில்லை. ஆமையோட்டுப் பொருளைச் சட்டம் தடுத்துள்ளது. ஒல்லாந்தர் காலத்து நாணயம் என்று நீட்டப்படுவது போலியாயிற் பணம் நட்டம், உண்மையாயின் அனுமதியின்றி நாட்டை விட்டுக் கொண்டுபோக இயலாது. திமிங்கிலம் காட்டுவதாக ஆடி மாதத்தில் மிரிஸ்ஸவிலே படகுக்கு முற்பணம் கேட்பவரை நம்பலாகாது. அக்கரையில் அதற்குரிய பருவம் கார்த்திகை முதல் சித்திரை வரையிலானது. கடலாடுவதே நோக்கமாயின், அவ்வேளையிற் கிழக்கே நிலாவெளியிலே கடல் அமைதியாக இருக்கும்.

காலிக் கோட்டையிலே மழைக்காலத்திற் காண்பதற்கு உண்மையான பொருளொன்றும் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததாகக் கூறப்படும் பீரலு ரேந்தையை இன்றும் சில பெண்கள் கையாலே பின்னுகின்றனர். தலையணையில் ஊசிகளைக் குத்தி, மரக்கட்டைகளிற் சுற்றிய நூல்களை ஒன்றின்மேலொன்றாக மாற்றி மாற்றி எறிகையில், ஒரு விரலளவு நீளம் வளர வெகு நேரம் செல்லும். இயந்திர ரேந்தையைக் கைவேலை என்று விற்போரும் அதே தெருவில் உளர். ஆனால் இங்கே சோதனை கடினமன்று. மழை விடும்வரை அருகில் இருந்து, அவர் கட்டைகளை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாற் போதும்.